ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர்? பெரிய சாய ஆலையில் தண்ணீர்க் கணக்கு வைக்கும் முறை

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் பெரிய சாய ஆலைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழும் எண் மறுசுழற்சி சதவீதம்தான். "தொண்ணூறு சதவீதத்துக்கு மேல தண்ணியத் திரும்ப எடுத்தர்றோமுங்க" என்பார்கள். அது பொய்யில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு இல்லாமல் இங்கே யாரும் தொழில் நடத்த முடியாது. ஆனால் அந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிற நிறுவனத்துக்கு, தான் தினம் எவ்வளவு தண்ணீரைப் புரட்டுகிறது என்பது கண்ணில் படாது. அதைப் படவைப்பது எப்படி, பட்ட பிறகு குறைப்பது எப்படி என்பதுதான் இங்கே எழுதப்போவது.

நான் சென்னிமலைப் பக்கத்துக்காரி. என் அப்பாருவின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யலில் சாயக்கழிவு கலந்து, அணையில் தேங்கி, கிணற்றுக்குள் இறங்கியதைப் பார்த்து வளர்ந்தேன். பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரை "தொறக்காதீங்க" என்று உழவர்களே சொன்ன ஊர் அது. வேதியியல் படித்துவிட்டு, ஒரு ஆலையின் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகத்தில் சேர்ந்தேன். இப்போது நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல் என்று பல யூனிட்டுகள் உள்ள ஒரு பனியன் குழுமத்தில் தண்ணீர்ப் பொறுப்பு முழுவதும் என்னிடம் இருக்கிறது.

சதவீதம் ஏன் போதாது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு ஆலை நாளைக்கு 20 டன் துணி ஓட்டுகிறது, கிலோவுக்கு 60 லிட்டர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 லட்சம் லிட்டர், அதாவது 1,200 கிலோலிட்டர். இதில் 92 சதவீதம் திரும்பக் கிடைத்தால் புதுத்தண்ணீர் 96 கிலோலிட்டர் வேண்டும். இப்போது இரண்டு வழி இருக்கிறது. சுத்திகரிப்பில் இன்னும் பணத்தைக் கொட்டி 94 சதவீதம் ஆக்கினால் புதுத்தண்ணீர் 72 கிலோலிட்டராக இறங்கும். சதவீதத்தைத் தொடாமல், இயந்திரத்தில் செலவாவதை 60-லிருந்து 45 லிட்டராக இறக்கினாலும் அதே 72 வரும். ஆனால் இரண்டாவது வழியில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் தண்ணீர் தினம் 300 கிலோலிட்டர் குறைகிறது. அவ்வளவும் பம்ப் செய்ய வேண்டாம், காற்றூட்ட வேண்டாம், சவ்வில் அழுத்த வேண்டாம். சூடாக்கி ஓட்டிய தண்ணீரும் குறைவதால் பாய்லர் விறகும் மிச்சம். முதல் வழியில் சவ்வுக்கும், மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்துப் பிரிக்கும் எவாப்பரேட்டருக்கும் வேலை கூடுகிறது. சதவீதப் பலகையில் முதல் வழி முன்னேற்றமாகத் தெரியும், இரண்டாவது வழி தெரியவே தெரியாது.

ஆகவே முதல் முடிவு இது: கணக்கின் அலகு ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர். அது புதுத்தண்ணீரோ, சவ்வில் சுத்தமாகித் திரும்ப வரும் ஆர்.ஓ. தண்ணீரோ, இயந்திரத்துக்குள் போனதெல்லாம் சேர்ந்து. தையல் யூனிட்டாக இருந்தால் ஆளுக்கு எத்தனை லிட்டர். மற்ற எண்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

குழாயோடு நடப்பது

மீட்டர் வாங்கக் கொட்டேஷன் கேட்பதற்கு முன் குழாய் வரைபடம் வரைய வேண்டும். ஆலை கட்டியபோது போட்ட வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை இது. அதற்குப் பிறகு எத்தனையோ குழாய் வெட்டி ஒட்டியிருப்பார்கள். பழைய பிட்டர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, போர்வெல், லாரித் தண்ணீர் இறங்கும் சம்ப், நியூ திருப்பூர் தண்ணீர்த் திட்டத்தில் பவானியிலிருந்து வரும் குழாய் என எல்லா வாசலிலிருந்தும் தொடங்கி, தண்ணீர் போகும் வழியெல்லாம் நடக்க வேண்டும். எங்கள் யூனிட் ஒன்றில் அப்படி நடந்தபோது, மூத்த பிட்டர் அண்ணன் ஒரு வால்வைக் காட்டி, "இது எதுக்குன்னு எனக்கே தெரியாதுங்க அம்மணி, ஆனா மூடுனா ஹாஸ்டல்ல சத்தம் போடுவாங்க" என்றார். சாய ஆலைக்கென்று மென்மையாக்கிய தண்ணீர் விடுதிக் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வரைபடத்தில் அந்தக் குழாய் இல்லை.

நடக்கும்போதே ஒவ்வொரு வால்விலும் ஒரு நிறப்பட்டை அடியுங்கள். புதுத்தண்ணீருக்கு ஒன்று, மென்தண்ணீருக்கு ஒன்று, ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று. இன்றைக்கு டையிங் தளத்தில் நிற்கும் பையன்களில் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். தமிழில் எழுதி மாட்டினால் அவர்களுக்கு உதவாது. நிறம் எல்லோருக்கும் புரியும். லாக் ஷீட்டையும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்துக் கொடுங்கள்.

மீட்டர்

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மீட்டர் போடுவது பணவிரயம். சாயக்கழிவில் பஞ்சு இழை மிதக்கும். சக்கரம் சுற்றும் மெக்கானிக்கல் மீட்டரில் அது சுற்றிக்கொண்டு நின்றுவிடும், அல்லது குறைத்துக் காட்டும். அங்கே மின்காந்த மீட்டர்தான் சரி. அதற்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது வளைவில்லாத நேர்க்குழாய் வேண்டும். 4 அங்குலக் குழாயென்றால் அரை மீட்டர். குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பி ஓடவும் வேண்டும். மேலிருந்து கீழே விழும் குழாயில் பொருத்தி வைத்துவிட்டு "மீட்டர் பொய் சொல்லுது" என்று கம்பெனிக்காரனைத் திட்டுவதில் பயனில்லை. நீராவி குளிர்ந்து தண்ணீராகிப் பாய்லருக்குத் திரும்பும் கண்டென்சேட்டில் உப்பே இருக்காது. மின்சாரம் கடத்தாத அந்தத் தண்ணீரை மின்காந்த மீட்டர் சரியாகப் படிக்காமல் போகலாம். அங்கே வேறு வகைதான் போட வேண்டும். கேண்டீன், கழிப்பறை, தோட்டத்துக்கெல்லாம் சாதாரண மெக்கானிக்கல் மீட்டர் தாராளம்.

பணம் குறைவாக இருந்தால் எங்கே முதலில்? ஆலைக்குள் வரும் வாசல்கள் அனைத்திலும், டையிங் தளத்துக்குப் போகும் முக்கியக் குழாயிலும், சுத்திகரிப்பு நிலைய நுழைவிலும், ஆர்.ஓ. சுத்தநீர், ரிஜெக்ட் (சவ்வு ஒதுக்கும் உப்புநீர்) இரண்டிலும். இதற்குமேல் ஒரு ரூபாய் இருந்தால், பெரிய சாஃப்ட் ஃப்ளோ சாய இயந்திரங்களுக்குத் தனித்தனியாக. பிறகுதான் மற்றவை.

லாரித் தண்ணீரை லோடு எண்ணிக்கையில் எழுதாதீர்கள். சம்ப்பின் மட்டத்தை லாரி இறங்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலச் சம்ப்பில் ஒரு சென்டிமீட்டர் என்பது 800 லிட்டர். 12,000 லிட்டர் லோடு இறங்கினால் 15 சென்டிமீட்டர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் கேளுங்கள். இறக்கும் நேரத்தில் சம்ப் பம்ப்பை மட்டும் நிறுத்தி வையுங்கள், இல்லையென்றால் அளவு குழம்பும்.

மீட்டரை மீட்டராலேயே சோதிக்க முடியாது. பம்ப்பின் மின்சார யூனிட்டைப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். ஒரு கிலோலிட்டர் ஏற்ற இத்தனை யூனிட் என்று ஒரு கணக்கு சில வாரத்தில் நிலைப்படும். தண்ணீர் குறைந்ததாக மீட்டர் காட்டுகிறது, கரண்ட் குறையவில்லை என்றால், மீட்டரைக் கழற்றிப் பாருங்கள். போர்வெல் என்றால் இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும்: மீட்டர் சரியாக இருந்தும் கிலோலிட்டருக்கு யூனிட் ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் நிலத்தடி மட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நம் வட்டாரத்தில் பல பிர்க்காக்களில், ஓராண்டில் நிலத்துக்குள் சேர்வதைவிட எடுப்பது அதிகம். பாறை நிலம், ஆயிரம் அடி போனாலும் உறுதியில்லை. அந்த எண்ணை நான் மாதா மாதம் முதலாளி மேசையில் வைக்கிறேன்.

காலை ஆறு மணி

எல்லா மீட்டரையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். எங்களிடம் ஷிப்ட் மாறும் காலை ஆறு மணி. ஒருவர் ஆறுக்கும் இன்னொருவர் ஒன்பதுக்கும் எழுதினால், நடுவில் ஓடிய தண்ணீர் கசிவு போலத் தெரியும், ஊரையே தோண்டிப் போட்டுத் தேடுவீர்கள். சம்ப், மேல்தொட்டி, சுத்திகரிப்புத் தொட்டி மட்டங்களையும் அதே நேரத்தில் எழுதுங்கள். தொட்டியில் கூடியதும் குறைந்ததும் கணக்கில் சேராவிட்டால் வரவும் செலவும் பொருந்தாது.

வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் எழுதிக் கழித்தால் ஒரு மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்துக்குப் பெயர் வைத்தே ஆக வேண்டும். பெயருள்ள இழப்புகள் பல. துணி பிழிந்த பிறகும் கிலோவுக்கு 0.7 லிட்டர் போலத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு டிரையருக்குப் போகிறது. 20 டன்னுக்கு 14 கிலோலிட்டர் தினமும் ஆவியாக வெளியே போய்விடும். திறந்த தொட்டிகளில் சித்திரை வெயிலுக்கு நாளைக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் போகும். ஆயிரம் சதுர மீட்டர் பரப்புக்கு ஐந்தாறு கிலோலிட்டர். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போதும் தொட்டிகள் வேகமாக வற்றும், அதை மறந்துவிடுவார்கள். கூலிங் டவர், பாய்லரில் உப்பு சேராமல் வடித்துவிடும் புளோடவுன், கேண்டீன், தோட்டம். இவையெல்லாம் கழித்தும் பெயரில்லாமல் நிற்பது வரவில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் நான் விட்டுவிடுவேன். பத்தைத் தாண்டினால் வேலை தொடங்கும்.

கசிவு பார்க்க நல்ல நாள் தீபாவளி. ஆட்கள் எல்லாம் ஊருக்குப் போய், ஆலை முழுவதும் நின்றிருக்கும். எல்லாச் சம்ப்பையும் நிரப்பி, வால்வுகளை மூடி, மட்டத்தைக் குறித்துவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். இறங்கியிருந்தால் அது சம்ப் கசிவு. சம்ப் இறங்காமல் மேல்தொட்டி இறங்கினால் இறக்குக் குழாயில். பொங்கலுக்கும் ஒருமுறை செய்யலாம். விடுமுறைக்காகக் காத்திருக்க முடியாதவர்கள், வார விடுமுறை நாளில் நள்ளிரவு ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் வாசல் மீட்டரைப் படிக்கட்டும். யாரும் பயன்படுத்தாத நேரத்தில் ஓடுவது கசிவுதான்.

தண்ணீர் செலவாகும் இடம்: அலசல்

இங்கேதான் அதிக நேரம் நிற்க வேண்டும். சாயமேற்றும் பாத்தில், அதாவது துணி ஓடும் சாயக்கரைசலில், செலவாகும் தண்ணீர் மொத்தத்தில் சிறு பகுதி. அதற்கு முன்னும் பின்னும் அலசுவதில்தான் பெரும்பகுதி போகிறது. அலசலில் பெரிய எதிரி ஓவர்ஃப்ளோ. உள்ளே குழாயைத் திறந்துவிட்டு வெளியே வழியவிட்டு, "தண்ணி தெளிஞ்சிருச்சு" என்று ஆபரேட்டர் சொல்லும்வரை ஓட்டுவது.

ஏன் எதிரி என்று எண்ணிலேயே காட்டுகிறேன். 500 கிலோ இயந்திரம், கிலோவுக்கு ஆறு லிட்டர் கணக்கில் 3,000 லிட்டர் பாத், சாயம் நூலில் ஏறப் போடும் உப்பு லிட்டருக்கு 60 கிராம். டிரெயின் செய்தால் துணி தன் எடையைப் போல இரண்டரை மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் என்று வைப்போம். 1,250 லிட்டர் உள்ளே நிற்கும், 1,750 வெளியேறும். மறுபடி 1,750 விட்டு நிரப்பினால் உப்பு 60-லிருந்து 25 கிராமுக்கு இறங்கும். இன்னொருமுறை வடித்து நிரப்பினால் 10. மூன்றாவது முறை 4-க்குச் சற்று மேல். ஆன செலவு 5,250 லிட்டர். ஓவர்ஃப்ளோவில் அதே அளவுக்கு இறக்க, உள்ளே வரும் நல்ல தண்ணீர் உள்ளே இருக்கும் அழுக்குத் தண்ணீரோடு கலந்தே வெளியேறுவதால், ஏறக்குறைய 7,900 லிட்டர் வேண்டும். ஒரு லாட்டில் (ஒரே தடவையில் ஓட்டும் துணி) ஒரு அலசலுக்கே 2,650 லிட்டர் வித்தியாசம். கிலோவுக்கு ஐந்து லிட்டருக்கு மேல்.

டையிங் மாஸ்டர்கள் ஓவர்ஃப்ளோவை விடாததற்குக் காரணம் உண்டு. வடித்து நிரப்ப நேரமாகும், கயிறாக ஓடும் துணி வடிக்கும்போது நின்றால் மடிப்புத் தழும்பு விழும் என்ற பயம். இரண்டும் நியாயமான பயம். வடிகால் வால்வைப் பெரிதாக்கினால் நேரம் குறையும். சூடான தண்ணீரைத் தயாராக வைத்திருக்கும் தொட்டி இருந்தால் நிரப்புவதும் வேகமாகும். வயதில் மூத்த மாஸ்டர் ஒருவரிடம் நான் வாதாடவில்லை. "நீங்க ஒரு லாட்ட பழைய மாதிரி ஓட்டுங்கண்ணா, அடுத்த லாட்ட வடிச்சு ஓட்டலாம், ரெண்டையும் நீங்களே தேச்சுப் பாருங்க" என்றேன். சாயம் ஒட்டுறுதி இரண்டிலும் ஒன்றாக இருந்ததை அவரே பார்த்தார். அதற்குப் பிறகு மற்ற மாஸ்டர்களிடம் பேசியது அவர்தான்.

அலசலைக் கடிகாரத்தால் நிறுத்தாதீர்கள், தண்ணீரில் உள்ள உப்பைக் காட்டும் கண்டக்டிவிட்டி மீட்டரால் நிறுத்துங்கள். கையடக்க மீட்டர் ஒன்று சில ஆயிரம் ரூபாய்தான். உப்பு அதிகமாக இருக்கும்போது சோப்பிங் (சோப்புப் போட்டு அலசுவது) போட்டால் ஒட்டாத சாயம் நூலை விட்டு வராது. ஆகவே சோப்பிங்குக்கு முன் எந்த எண்ணுக்கு இறங்க வேண்டும் என்பதை ஆய்வகம் நிறத்துக்கு நிறம் எழுதிக் கொடுக்கட்டும். அந்த எண் வந்ததும் அலசலை நிறுத்தலாம், வராமல் நிறுத்தக் கூடாது. வெளுப்புக்குப் பிறகு மிஞ்சும் பெராக்சைடைப் போக்க இரண்டு மூன்று முறை அலசுவதற்குப் பதிலாகப் பெராக்சைடு கில்லர் என்சைம் போட்டால் அந்த அலசல்கள் வேண்டாம். இது பல ஆலைகளில் வந்துவிட்டது, இன்னும் செய்யாதவர்கள் நாளைக்கே தொடங்கலாம்.

குறைந்த தண்ணீருக்கு ஆபரேட்டருக்கு போனஸ் என்று மட்டும் அறிவிக்காதீர்கள். அலசலைக் குறைத்துவிடுவார்கள், துணி ஒட்டுறுதிச் சோதனையில் விழும், மறுபடி ஓட்ட வேண்டும். மறுபடி ஓட்டும் லாட்டுக்கு ஆகும் தண்ணீர்தான் ஆலையிலேயே மிகப்பெரிய விரயம். என் தாளில் அதற்குத் தனிப் பத்தி உண்டு: நிறம் வராமல் மேலும் சாயம் சேர்த்து அடிஷன் போட்டது, உரித்துவிட்டு மறுபடி சாயமேற்றியது, இரண்டுக்கும் ஆன லிட்டர். ஆய்வகத்தில் எடுத்த நிறம் தளத்திலும் முதல்முறையே வந்தால், வேறு எந்தச் செலவும் இல்லாமல் தண்ணீர் குறையும். ஆய்வகப் பையனுக்கு நல்ல பைப்பெட்டும் நல்ல விளக்குப்பெட்டியும் வாங்கிக் கொடுப்பதும் தண்ணீர்ச் சேமிப்புதான்.

பிளானிங்கில் இருப்பவர்களும் இதில் பங்காளிகள். 500 கிலோ இயந்திரத்தில் 300 கிலோ லாட்டைப் போட்டால், இயந்திரம் கேட்கும் குறைந்தபட்சத் தண்ணீர் அப்படியே 3,000 லிட்டராக நின்றுவிட்டால், கிலோவுக்கு ஆறு என்பது பத்தாகிவிடுகிறது. சின்ன ஆர்டருக்குச் சின்ன இயந்திரம். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அவசரப்பட்டு லாட்டைப் பிரிக்கச் சொன்னால், அதற்கான தண்ணீர் எண்ணை அவருக்கே மெயிலில் அனுப்புங்கள்.

உப்பை மறந்தால் கணக்கு கவிழும்

அலசலைக் குறைத்தால் தண்ணீர் குறையும், உப்பு குறையாது. அதே உப்பு குறைந்த தண்ணீரில் வரும்போது கழிவின் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) ஏறும், ஆர்.ஓ. திணறும், ரிஜெக்ட் விகிதம் கூடும். இதைச் சொல்லாமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும். பழைய விஞ்ச் சாய இயந்திரத்தில் கிலோவுக்குப் பதினைந்து லிட்டரும் அதற்கு மேலும் பாத் வேண்டும்; இன்றைய சாஃப்ட் ஃப்ளோவில் ஆறு, எட்டு. எட்டிலிருந்து ஆறுக்கு இறக்கினால், லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்ற கணக்கில், கிலோ துணிக்கு 480 கிராம் போட்டது 360 ஆகும். நாளைக்கு 10 டன் அடர்நிறம் ஓடினால் 1,200 கிலோ உப்பு மிச்சம். அந்த உப்பை வாங்க வேண்டாம். எவாப்பரேட்டரில் தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பிரித்தெடுக்கவும் வேண்டாம்.

சாயபாத்தை முதலில் வடிக்கும் தண்ணீரில்தான் உப்பில் பெரும்பங்கு இருக்கிறது. அதைத் தனிக்குழாயில் எடுத்து, அலசல் தண்ணீரோடு கலக்காமல் வைத்தால், அலசல் தண்ணீர் ஆர்.ஓ.வில் லேசாக ஓடும். உப்புத் தண்ணீரின் நிறத்தை நீக்கிவிட்டு அடுத்த சாயபாத்துக்கே உப்பாகப் பயன்படுத்தலாம். புது ஆலை கட்டுகிறவர்கள் தரை போடும்போதே இரண்டு வடிகால் போட்டுவிடுங்கள். பிறகு உடைத்துப் போடுவது பெரும்பாடு.

பாய்லரும் கூலிங் டவரும்

டிரையரிலும் ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் வேலை செய்த நீராவி திரும்பக் கண்டென்சேட்டாக வருகிறதா, வடிகாலில் போகிறதா என்று பாருங்கள். அது சூடான, உப்பில்லாத, ஏற்கெனவே காசு கொடுத்துச் சுத்தமாக்கிய தண்ணீர். சாஃப்ட் ஃப்ளோவைக் குளிர்விக்கும் தண்ணீரும் அழுக்குப்படாதது; அதைச் சூட்டோடு பிடித்து அடுத்த அலசலுக்கு விடலாம்.

கூலிங் டவரில் எத்தனை மடங்கு உப்பு செறிந்ததும் வடிக்கிறீர்கள் என்பதே கேள்வி. 100 கிலோலிட்டர் ஆவியாகிற இடத்தில், இரண்டு மடங்கில் வடித்தால் 200 ஊற்ற வேண்டும். நான்கு மடங்கில் 133. ஐந்தில் 125. இரண்டிலிருந்து நான்குக்குப் போவதில் பெரிய லாபம், அதற்கு மேல் லாபம் சுருங்கும், குழாயில் கல் படியும் ஆபத்து கூடும். நான்கோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

தையல் யூனிட்டுகளில் ஆளுக்கு இத்தனை என்று பாருங்கள். குளியலறை உள்ள தொழிற்சாலைக்கு ஆளுக்கு நாளைக்கு 45 லிட்டர், இல்லாததற்கு 30 என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அதைத் தாண்டினால் முதலில் ஃப்ளஷ் தொட்டிகளைப் பாருங்கள். பிரிண்டிங்கில் ஸ்கிரீன் கழுவும் ஹோஸ் முனையில், அழுத்தினால் மட்டும் வரும் கன் மாட்டுங்கள். இவை சிறிய வேலைகள்.

மழை

கொங்கில் மழை குறைவு என்று சொல்லிக் கூரையை விட்டுவிடுகிறார்கள். ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் என்றே வைப்போம். 10,000 சதுர மீட்டர் கூரையில், ஐந்தில் ஒரு பங்கு வீணாகப் போனாலும், 48 லட்சம் லிட்டர் கிடைக்கும். அதில் உப்பே கிடையாது. சாய ஆலையில் அதைப் போர்வெல்லுக்குள் இறக்குவதைவிடச் சம்ப்பில் பிடித்து நேராகப் பாத்துக்குப் பயன்படுத்துவதே நல்லது. முதல் மழையின் தூசித் தண்ணீரைத் தனியே விட்டுவிடுங்கள். முற்றத்துத் தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிலத்துக்குள் விடாதீர்கள். கெமிக்கல் டிரம் உருண்ட தரை அது. எங்கள் ஊர்க் கிணறுகள் பட்ட பாடு போதும்.

அறிக்கை

துணி வாங்கும் பையர்கள் கேள்விப்பட்டியல் அனுப்புவார்கள். பங்குச்சந்தையில் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் நிறுவனங்கள் 2022-23 முதல், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பொறுப்பறிக்கையில் தண்ணீர்க் கணக்கு கொடுக்க வேண்டும். எடுத்தது, வெளியேற்றியது, நுகர்ந்தது என மூன்றையும் குழப்பாதீர்கள். எடுத்ததிலிருந்து வெளியேற்றியதைக் கழித்தால் நுகர்வு. ஒரு சொட்டும் வெளியே விடாத ஆலையில் எடுத்ததெல்லாம் நுகர்வுதான். மறுசுழற்சித் தண்ணீரை எடுத்த கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் கிலோவுக்கு லிட்டர் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும், அதைத் தனி வரியாகக் காட்டுங்கள்.

இன்னொன்று. கிலோவுக்குப் போன வருடம் 58 லிட்டர், இந்த வருடம் 49 என்று பெருமையாகப் போடுவதற்கு முன், எந்த நிறம் எவ்வளவு ஓடியது என்று பாருங்கள். வெள்ளையும் வெளிர்நிறமும் அதிகம் ஓடிய வருடத்தில் எண் தானாகவே இறங்கும். கறுப்பும் நேவியும் வந்தால் ஏறும். வெள்ளை, வெளிர், நடுத்தரம், அடர் என்று நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். இந்தப் பிரிப்பு இல்லாமல் எந்த யூனிட் அறிக்கை அனுப்பினாலும் நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.